டிஎம்எஸ் (தலைக்கு வெளிய காந்தம் வச்சு மூளைய தூண்டுற டிப்ரஷன் ட்ரீட்மெண்ட்): 30 சிட்டிங் முடிச்சவனோட ரிவ்யூ

கிளினிக் பேரு போடல, ஏன்னு கடைசில புரியும். சென்னைல ஒரு ப்ரைவேட் இடம், நான் தாம்பரத்துலேர்ந்து தினம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போய்ட்டு வந்தேன்.

மூணு வருஷமா டிப்ரஷன். எஸ்சிடாலோபிராம் கேக்கல, வென்லாஃபாக்சின் மாத்தினாங்க, அதுவும் பாதிதான். ரெண்டு மருந்தும் சரியா கேக்காதவங்களுக்குதான் பெரும்பாலும் இந்த மேக்னட் ட்ரீட்மெண்ட சொல்றாங்க. வீட்ல சொன்னதும் அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க, சினிமால காட்டுற ஷாக்னு நெனச்சிட்டாங்க போல. சித்தி வேற, குணசீலம் போய் ஒரு மண்டலம் இருடா, பெருமாள் பாத்துப்பாருன்னு. ஆறு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள் போகணும் சித்தி, மண்டலத்துக்கு ஆறு நாள்தான் கம்மின்னு சொன்னேன்.

ஷாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுல மயக்க மருந்து குடுத்து வலிப்பு வர வைப்பாங்க. இதுல முழிச்சிட்டே சேர்ல உக்காந்திருக்கோம், மொட்டையும் வேணாம். நெத்திக்கு மேல இடது பக்கம் ஒரு காயில (கம்பிச்சுருள்) வைக்கறாங்க, அதோட காந்தப்புலம் மண்டையோட்ட தாண்டி உள்ள போய் அந்த எடத்துல மட்டும் சின்னதா கரண்ட உண்டாக்குது. 1985ல இங்கிலாந்துல ஷெஃபீல்ட்ல பார்க்கர்னு ஒருத்தர் டீம்தான் இத முதல்ல செஞ்சு காட்டுனது, டிப்ரஷனுக்கு அமெரிக்கால எஃப்டிஏ (மருந்து, மெடிக்கல் மெஷினுக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு) ஓகே சொன்னது 2008ல.

முதல் நாள் காயில தலைல அங்க இங்க நகத்தி கட்டைவிரல் தானா துடிக்குதான்னு பாத்தாங்க. நான் அசைக்கல, அதுவா ஆடுச்சு, பயமாவும் இருந்துச்சு சிரிப்பாவும் வந்துச்சு. அத வச்சுதான் நம்ம தலைக்கு எவ்ளோ பவர்னு முடிவு பண்றாங்க.

வலி? கணக்கு வாத்தியார் நறுக்கு நறுக்குன்னு குட்டுவாரே, அதேதான். 4 செகண்டுல 40 குட்டு, 26 செகண்ட் ரெஸ்ட், இப்படியே முப்பத்தேழு நிமிஷம் சொச்சம். சத்தம் ஜாஸ்தி, காதுல அடைப்பான் கண்டிப்பா கேட்டு வாங்குங்க. முதல் வாரம் தலைவலி, டோலோ போட்டேன், அப்பறம் பழகிடுச்சு. முடிஞ்சதும் நேரா ஆபீஸ் போயிடலாம்.

ரெண்டு வாரம் ஒரு மண்ணும் தெரியல, காசு போச்சேன்னு நெனச்சேன். நாலாவது வாரம் ஸ்டேஷன் வாசல்ல ஒரு ஆட்டோக்காரர்ட்ட 30 ரூபாய்க்கு சண்டை போட்டேன். வீட்ல வந்து சொன்னா அம்மாக்கு ஒரே சந்தோஷம், ஏன்னா மூணு வருஷமா யார் என்ன கேட்டாலும் குடுத்துட்டு வந்துட்டு இருந்தவன் நான். இப்போ காலைல தானா எந்திரிக்கறேன், குளிக்கறேன். முழுசா போயிடுச்சானு கேட்டா இல்ல, மாத்திரையும் ஓடிட்டுதான் இருக்கு. என்கூட உக்காந்திருந்த ஒரு அக்காவுக்கு கடைசி வரைக்கும் ஒண்ணும் கேக்கல, அதையும் சொல்லணும்ல. ரிசப்ஷன்ல நூறு பர்சண்ட் க்யூர்னு சொன்னது சுத்த பொய்.

கடுப்பான விஷயம் டெக்னீசியன் மாறிட்டே இருந்தது. ஒரு அண்ணன் ஸ்கேல் வச்சு அளந்து வைப்பாரு, இன்னொரு பையன் குத்துமதிப்பா வச்சுட்டு மொபைல நோண்டிட்டு இருப்பான். எடம் தப்புனா சும்மா குட்டு வாங்கிட்டு வர்றதுதான்ங்க. தள்ளி இருக்குன்னு தோணுனா வாய தொறந்து கேளுங்க.

3 நிமிஷத்துல முடியற தீட்டா பர்ஸ்ட்னு ஒரு முறையும் இருக்கு, கனடால நானூறு பேருக்கு மேல வச்சு பாத்து 2018ல பழசுக்கு சளைச்சதில்லன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல, நீங்க கேட்டுட்டு சேருங்க. தலைக்குள்ள மெட்டல் க்ளிப், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்க உள்ள வைக்கற கருவி) மாதிரி எதாவது இருந்தா, முன்னாடி வலிப்பு வந்திருந்தா, மறைக்காம சொல்லிடுங்க.

ட்ரீட்மெண்டுக்கு அஞ்சுக்கு நாலு, கிளினிக்குக்கு ரெண்டு. மொத்த காசையும் முன்னாடியே பேக்கேஜா வாங்கிட்டாங்க, இன்சூரன்ஸுக்கு சிட்டிங் வாரியா பில் கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு, நாளைக்கு வாங்க சார்னுதான் இன்னும் சொல்லிட்டு இருக்காங்க.