கியூஜிஐஎஸ் கொண்டு யாழ்ப்பாணத்து பஸ் தடங்கள்: நீண்டநாள் பாவனைக்குப் பின்

டீசல் குறையச் செலவாகும் தடம் வகுக்க விலை கூடிய மென்பொருள் தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடம், ஜிபிஎஸ் உள்ள போன், ஒரு எக்செல் தாள் போதும். ஆனால் யாழ்ப்பாணத்தில் சில இடங்களில் இவை காலை வாரும்.

முதலில் உயரத் தரவு. ஏற்ற இறக்கத்துக்குப் பலரும் எஸ்ஆர்டிஎம் தரவை, அதாவது விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த உயரத் தரவைப் போடுவார்கள். அந்த ராடார் தரையோடு பனங்கூடலையும் மாடிக் கூரைகளையும் சேர்த்தே அளந்திருக்கிறது. அந்தத் தரவில் பருத்தித்துறை வீதி நுவரெலியா ரோட்டு மாதிரி ஏறி இறங்கும்! குடாநாட்டுக்குச் சரிவு பூச்சியம் என்று வைப்பதே மேல்.

பஸ்ஸுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தைப் பார்க்க, தரிப்பிடத்தைச் சுற்றி 400 மீற்றர் வட்டம் கீறுமுன் வரைபடத்தை மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆள்கூற்று முறைக்கு (இபிஎஸ்ஜி குறியீடு 32644) மாற்றுங்கள். இல்லையேல் அலகு பாகையிலேயே நிற்கும். அந்த வட்டத்தையும் முழுக்க நம்பேலாது. முட்டு ஒழுங்கைகளும் மதில்களும் உள்ள ஊரில் 400 மீற்றர், நடையில் 700 ஆகிவிடும். வீதி வலையமைப்பு வழியாகவே தூரம் எடுக்க வேண்டும்.

மெத்தப் பயன் தருவது ஓடும் பஸ்ஸில் எடுக்கும் ஜிபிஎஸ் பதிவுதான். செக்கனுக்கு ஒரு புள்ளி வேண்டும். பற்றரியை மிச்சம் பிடிக்க 30 செக்கன் வைத்தால், கைகாட்டி மறித்து ஏறும் நிறுத்தங்கள் பாதி காணாமற் போகும். அங்கேதான் டீசல் போகிறது. 10 தொன் பஸ்ஸை மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு எடுக்க ஏறத்தாழ 620 கிலோயூல் வேண்டும். எஞ்சின் திறன் 30 வீதம் என்றால் அது 60 மில்லிலீற்றர் டீசல். பிரேக் போட்டதும் எல்லாம் சூடாகிப் போகும். 20 மேலதிக நிறுத்தத்துக்கு 1.2 லீற்றர். லீற்றருக்கு 4 கி.மீ. ஓடும் பஸ்ஸுக்கு அது கிட்டத்தட்ட 5 கி.மீ. ஓட்டம். ஆகவே மென்பொருள் காட்டும் மிகக் குறுகிய பாதையை விட, 2 கி.மீ. சுற்றினாலும் நிறுத்தம் குறைந்த பாதை மலிவாகலாம்.

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நேரம் முட்டி ஓடும் நாட்களின் பதிவைத் தனியே பிரியுங்கள். சந்திவரை உருட்டி, பிறகு போட்டிக்கு ஓடிய பஸ்ஸின் சராசரி வேகம் எதற்கும் உதவாது.

சுற்று நேரத்தையும் கவனியுங்கள். தரிப்பு உட்பட 90 நிமிடச் சுற்றுக்கு, 15 நிமிட இடைவெளியில் 6 பஸ் வேண்டும். 75 ஆக்கினால் 5 போதும்.

கியூஜிஐஎஸ் தானாகக் காட்டாதது பயணிகள் இல்லாத வெற்று ஓட்டம். கோண்டாவில் டிப்போவிலிருந்து நகர பஸ் நிலையத்துக்கு வெறுமனே வருவதை விட, காலை முதல் ஓட்டத்தை உரும்பிராய்ப் பக்கமிருந்து தொடங்கினால் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றலாம். இதை எக்செல் தாளில் தனி நிரலாகக் கையால்தான் போடவேண்டும்.