மூன்றாவது சிஸ்டம் எது? நுழைவுத் திரை அறிவிப்போடு நான்கு ஆண்டுகள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கூடங்களில் 60 கணினிகள். முன்பெல்லாம் தினமும் ஒரு போன் வரும்: “அண்ணா, மூன்றாவது சிஸ்டம் ஓடவில்லை.” எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்று கேட்டால், “ஜன்னல் பக்கம்” என்பார்கள். ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோம். ஆனி, ஆடிச் சாரல் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை என்று எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். அந்த ஈரத்தில் பசை நிற்கவில்லை. நின்ற ஸ்டிக்கர்களும் பொய் சொல்லின. அவற்றை மானிட்டரில் ஒட்டியிருந்தோம். பழுதான மானிட்டரை மாற்றும்போது எண்ணும் இடம் மாறிவிடும். பழுதோ மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியில்.

அதனால் பெட்டியே தன் பெயரைச் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ‘லீகல்நோட்டீஸ்கேப்ஷன்’, ‘லீகல்நோட்டீஸ்டெக்ஸ்ட்’ என்று இரண்டு மதிப்புகள் உண்டு. அவற்றை நிரப்பினால், உள்ளே நுழையும் முன்பே திரையில் அறிவிப்பு வரும். விண்டோஸின் ஹோம் பதிப்பில், இதே அறிவிப்பை அமைக்க உதவும் பாதுகாப்புக் கொள்கைக் கருவி கிடையாது; ஆனால் ரெஜிஸ்ட்ரி வழி அதிலும் வேலை செய்கிறது. லினக்ஸ் வகையான உபுண்டுவில் இதை, நுழைவுத் திரையைக் காட்டும் ஜிடிஎம் என்ற மென்பொருளின் ‘பேனர் மெசேஜ்’ அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

முதல் பாடம் குளோனிங்கில் வந்தது. ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் வட்டை மற்றவற்றுக்கு நகலெடுத்தேன். மறுநாள் காலை முதல் கூடத்தில் 30 கணினிகளும் ‘அ-01’ என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டன. கணினிப் பெயருக்கான மாறியை அறிவிப்பில் எழுதினால் தானாக நிரம்பும் என்று நினைத்தேன்; விண்டோஸ் அதை அப்படியே எழுத்தாகக் காட்டியது. பிறகு, கணினி தொடங்கும்போது ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்கும் நெட்வொர்க் அட்டை முகவரியைப் பார்த்து, பட்டியலிலிருந்து சரியான பெயரை எடுத்து எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். அதன் பிறகு குளோன் செய்யப் பயமில்லை.

தமிழில் எழுதியதும் ஒரு பாடம்தான். ஃபைலை, எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடில் சேமிக்காததால் ‘??????’ என்று வந்தது. சரிசெய்த பின் வரைகலைத் திரைகளில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. லினக்ஸின் கறுப்பு எழுத்துத் திரையில் மட்டும் கட்டம் கட்டமாக வருவதால், அங்கே ரோமன் எழுத்துதான்.

குறை இல்லாமல் இல்லை. விண்டோஸில் ஒவ்வொரு முறையும் ஓகே பொத்தானை அழுத்தியாக வேண்டும். முதலில் விதிமுறைகளையெல்லாம் சேர்த்துப் பத்து வரி எழுதியிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை, படிக்காமல் அழுத்தும் பழக்கம்தான் வந்தது. இப்போது இரண்டே வரி: கூடமும் எண்ணும் ஒன்று, “பழுதானால் இந்த எண்ணைச் சொல்லவும்” என்பது இன்னொன்று. ஆள் இல்லாமல் தானே உள்நுழையும்படி வைத்திருந்த புரொஜெக்டர் கணினியும் இந்தப் பொத்தானுக்காகக் காத்து நின்றது. அதில் அறிவிப்பை நீக்கிவிட்டேன்.

நான் விடுப்பில் இருந்த ஒரு வாரம், விருந்தினர் கடவுச்சொல்லையும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டார்கள், மாணவர்களுக்கு வசதியாக இருக்குமாம்! திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

இப்போதும் போன் வருகிறது. “அண்ணா, ஆ-17 ஓடவில்லை.” நான் நேராக அந்த மேஜைக்குப் போகிறேன்.