கண்டியில் வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை: மலையகத்திலிருந்து செல்லும் பெண்களுக்காக ஒரு மதிப்பீடு

தளர்ந்த வயிற்றுத் தோலை வெட்டி அகற்றி, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைக்கும், 'டம்மி டக்' என்று பரவலாக அழைக்கப்படும் வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சையைக் கண்டியிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் செய்துகொண்டேன். ஹட்டனுக்கு அருகே ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு இரண்டு பிரசவங்களும் சிசேரியன் மூலம் நடந்தவை. அங்கு கிடைத்த சத்திரசிகிச்சை மிகச் சிறப்பானது. ஆனால் வீடு திரும்பிய பின்னர் தேவைப்படும் கவனிப்பைப் பொறுத்தவரை, நோயாளி எத்தகைய நிலத்தில், எத்தகைய வீட்டில் வாழ்கிறார் என்பதை அந்த வைத்தியசாலை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதற்சந்திப்பைப் பற்றி நிறைவாகவே சொல்ல முடியும். சனல் செய்து (கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்து) பார்த்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், என்னை மல்லாந்து படுக்கவைத்துத் தலையை மட்டும் உயர்த்தச் சொல்லி, வயிற்றின் நடுக்கோட்டில் தசைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை விரல்களால் அளந்தார். இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை அல்ல என்பதையும், எடை ஓரளவு நிலையாக இருப்பவர்களுக்கே நல்ல பலன் கிடைக்கும் என்பதையும், இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதன் பிறகு வருவதே நல்லது என்பதையும் ஒளிவுமறைவின்றி விளக்கினார். தொப்புளுக்குக் கீழேயுள்ள பிரசவ வரிகள் அகற்றப்படும் தோலோடு போய்விடும், மேலேயுள்ளவை கீழே இறங்கி வருமேயன்றி மறையமாட்டா என்று சொன்னதும் அவர்தான். நீரிழிவு, இரத்த அழுத்தம், முன்பு காலில் இரத்தம் உறைந்த வரலாறு ஆகியவற்றை விசாரித்த பின், புகையிலை பற்றியும் கேட்டார். நிகொட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தடுப்பதால், குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அதை விட்டுவிட வேண்டும். நம் பகுதியில் பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லை என்பதால் இந்தக் கேள்வி தங்களுக்கானது அல்ல என்று பலர் எண்ணக்கூடும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் அதே தீங்கைச் செய்யும் என்பதால், அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சத்திரசிகிச்சை முழு மயக்க நிலையில், பொதுவாக இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்கள் வரை நடக்கும். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பின் பக்கத்திலிருந்து மற்றதன் பக்கம் வரை கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை தூக்கி, விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். பின்னர் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி அகற்றிவிட்டு, தொப்புளுக்குப் புதிய திறப்பு அமைக்கிறார்கள். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் அகற்றப்படும் தோலோடு போய்விடுகிறது. கண் விழிக்கும்போது வயிற்றின் பக்கங்களிலிருந்து வடிகுழாய்கள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வலி பற்றி உண்மையைச் சொல்வதானால், தோல் வெட்டப்பட்ட இடத்தைவிடத் தசைகள் தைக்கப்பட்ட இடமே அதிகம் வலிக்கிறது. இருமும்போதும் சிரிக்கும்போதும் அது நன்றாகத் தெரியும். தாதியர் நேரந்தவறாமல் வலிநிவாரணி கொடுத்தார்கள். காலில் இரத்தம் உறையாதிருக்க இறுக்கமான காலுறை அணிவித்து, ஊசியும் போட்டு, இயன்றவரை விரைவாக எழுப்பி நடக்கவும் வைத்தார்கள். வைத்தியசாலை விடுதியில் இருந்த காலத்தில் அவர்களுடைய பராமரிப்பில் நான் ஒரு குறையும் காணவில்லை.

குறை தொடங்கியது வீட்டுக்கு அனுப்பிய வேளையில்தான். கையில் கொடுத்த அறிவுறுத்தல் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ் பேசும் நோயாளிகள் நாள்தோறும் வந்துபோகும் கண்டி நகரில், வயிற்றில் குழாயோடு வீடு செல்லும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய மொழியில் ஒரு தாள் கொடுக்க முடியாமலிருப்பது வருத்தத்துக்குரியது. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக விளக்கினார். அந்த அன்பு அவருடையது. அதை வைத்தியசாலையின் சேவையாகக் கணக்கில் சேர்க்க என்னால் முடியாது.

அந்தத் தாளில் உள்ளவை சமதரையில், காரும் உதவியாளரும் உள்ள வீட்டுக்குப் பொருந்தும் அறிவுரைகள். படிகளைத் தவிர்க்கவும் என்கிறது. தெருவிலிருந்து வீட்டுக்குச் செல்லவே செங்குத்தான படிகளில் ஏறவேண்டிய மலையகத்தில் அதை எப்படித் தவிர்ப்பது? முதல் ஓரிரு வாரங்களுக்குத் தையல் இழுபடாதிருக்க முன்பக்கம் வளைந்தே நடக்க வேண்டும் என்பதால், அந்த நிலையில் படியேறுவதற்கு இருபுறமும் ஆள் வேண்டும். நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக வரும் வளைவுப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வயிற்றுத் தசை இறுகுகிறது. இயன்றவர்கள் வாகனத்தின் இருக்கையைச் சாய்த்து, முழங்காலின் கீழ் தலையணை வைத்துக்கொண்டு வருவதும், இடையில் இறங்கிச் சற்று நடப்பதும் நல்லது. பஸ்ஸில் வருவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. குந்தியிருக்கும் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில் கொமோட் நாற்காலி ஒன்றை முன்னதாகவே வாங்கியோ இரவல் பெற்றோ வைத்திருக்க வேண்டும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இது சிறிய விடயமல்ல.

வயிற்றுப் பெல்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரங்கள் இரவும் பகலும் அதை அணியச் சொல்கிறார்கள்; கட்டணத்தில் ஒரு பெல்ட் மட்டுமே அடங்கும். மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் நம் ஊரில் துவைத்த துணி எளிதில் காய்வதில்லை. ஈரமான பெல்ட் காயத்துக்கு ஆகாது. ஆகவே இரண்டாவது பெல்ட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அந்த ஆறு வாரங்களும் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, விறகு, கைக்குழந்தை எல்லாம் அதில் அடங்கும். மலைச்சரிவில் நின்று கொழுந்து சுமக்கும் பெண்கள் அதற்கும் மேலாக, வேலைக்குத் திரும்பும் காலத்தை வைத்தியரிடம் தனியாகக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்தில், சிகிச்சைக் கட்டணத்தைவிட இழக்கும் வருமானமே பெரிய சுமையாகிவிடலாம்.

வடிகுழாய் எடுத்த பிறகு எனக்குத் தோலின் கீழ் நீர் தேங்கியது. இந்தச் சிகிச்சையில் அடிக்கடி ஏற்படும் சிக்கல் இது. ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் தாளில் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கம் பொது வரவேற்பு மேசைக்கே சென்றது. அங்கிருந்தவர் கண்டிக்கு வரும்படி சொன்னாரேயன்றி, தாதி ஒருவருடன்கூடத் தொடர்புபடுத்தவில்லை. செய்த சிகிச்சையின் விவரமடங்கிய கடிதத்தை நான் கேட்டு வாங்கியிருந்ததால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டி உடனடியாக ஆலோசனை பெற முடிந்தது. அந்தக் கடிதம் கேட்காமலே ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட வேண்டியது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் யாருடைய பதிலுக்கும் காத்திராமல் 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்வது உயிராபத்தானது. காய்ச்சல், சீழ், காயத்தின் விளிம்பு கறுத்தல் ஆகியவற்றுக்கும் அன்றே வைத்தியரைப் பார்ப்பது கட்டாயம்.

பலனைப் பொறுத்தவரை நான் மனநிறைவோடு இருக்கிறேன். வகுப்பில் நீண்ட நேரம் நிற்கும்போது இடுப்புக்கு இருந்த சிரமம் குறைந்திருக்கிறது. தழும்பு நீளமானது, நம் போன்ற நிறமுள்ள தோலில் அது கறுத்தோ தடித்தோ நிற்கும் வாய்ப்பு அதிகம், முதிர்ந்து மங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். அடிவயிற்றில் உணர்ச்சிக் குறைவு பல மாதங்கள் நீடிக்கும், சிலருக்கு ஓரிடத்தில் நிலைத்தும் விடும்.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்பதைச் சரிபார்த்த பின், முற்பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று விடயங்களை நிர்வாகத்திடம் கேளுங்கள்: மயக்க மருந்து வைத்தியரின் கட்டணமும் பின்தொடர் சந்திப்புகளும் மொத்தத் தொகையில் அடங்குமா, இரவில் அழைத்தால் யார் பதிலளிப்பார், நீர் தேங்கினால் அதை எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா. தமிழ்த் தாள் வேண்டுமென்று நான் எழுத்தில் கொடுத்த கோரிக்கைக்கு இதுவரை பதில் வரவில்லை. அது வரும்வரை, சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, ஒவ்வொரு மாத்திரையையும் எப்போது, எதற்காக எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக்கொண்டு புறப்படுங்கள்.