காடிக்கு ‘மருந்து’ ஊற்றி 1,850 வெள்ளி போச்சு, நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

என்ஜின் எண்ணெயில் ஊற்றும் ‘மருந்தை’ என் தலையில் கட்டிய கடையிலிருந்து இப்போதுதான் வருகிறேன். ஐந்தாவது தடவை. பையனை விட்டு ‘பாஸ் இல்ல அண்ணே’ என்று சொல்ல வைக்கிறார், பாஸுடைய செருப்பு வாசலில் கிடக்கிறது, உள்ளே டிவி ஓடுகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் என் மாதிரி பழைய காடியை (காரை) இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். மொத்தம் 1,850 வெள்ளி (ரிங்கிட்). ஆலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறவனுக்கு அது சின்னக் காசு இல்லை.

கடை பெயரைப் போட மாட்டேன், வக்கீல் கடிதம் வாங்க எனக்குத் தெம்பில்லை. டயர், பேட்டரி, கறுப்பு எண்ணெய் (என்ஜின் எண்ணெய்) எல்லாம் விற்கும் கடை. ‘20 வருட என்ஜினும் புதுசு போல’ என்று வாசலில் பெரிய பேனர். அவ்வளவு போதும்.

என் காடி 1998 புரோட்டான் வீரா, ஒன் பாயிண்ட் ஃபைவ் என்ஜின். அப்பா தோட்டத்தை விட்டு ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, விற்க மனம் வரவில்லை. அதில் ஒரே ஒரு குறைதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்னால் குப்பென்று நீலப் புகை வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

அன்றைக்கு டயர் மாற்றத்தான் போனேன். அம்மா முன் சீட்டில். பாஸ் வந்து என்னிடம்கூடப் பேசவில்லை, நேராக ஜன்னலில் குனிந்து, ‘அம்மா எந்தத் தோட்டம்?’ என்றார். அம்மா சொன்னார். ‘அட, எங்க பாட்டி அங்கதான் ரப்பர் பால் வெட்டினாங்க!’ அவ்வளவுதான், அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து முறுக்கை எடுத்து நீட்டிவிட்டார். நான் தோற்றது அந்த இடத்தில்தான். ஆள் முறுக்கைக் கடித்துக்கொண்டே எண்ணெய்க் கம்பியை உருவி, வெள்ளை டிஷ்யூவில் துடைத்து, ‘பாருங்க அண்ணே, தார் மாதிரி இருக்கு’ என்றார்.

அப்புறம் அந்த மிஷின். மேசை மேல் சின்ன மோட்டார், சுற்றும் இரும்பு வளையம், மேலிருந்து அழுத்த ஒரு கம்பி. சாதாரண எண்ணெயில் அழுத்தினால் கீச்சென்று கத்தி மோட்டார் நின்றுபோகிறது. அதே எண்ணெயில் அவருடைய மருந்து இரண்டு சொட்டு விட்டதும், என்னையே அழுத்தச் சொன்னார். முழு பலத்தோடு அழுத்தினேன், நிற்கவில்லை. இதைப் பார்த்தபின் யார் நம்பமாட்டார்கள், சொல்லுங்கள்.

நான்கு போத்தல் ஒரு செட். ஒன்று பழைய எண்ணெயில் ஊற்றிக் கழுவ, ஒன்று புது எண்ணெயோடு கலக்க, ஒன்று பெட்ரோல் தொட்டிக்கு, ஒன்று ‘அம்மாவுக்காக’ இலவசம். எண்ணெய், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 450 வெள்ளி. ‘போர்மேன்கிட்ட (மெக்கானிக்) போனா என்ஜின பிரிக்கணும்பான், ஆயிரத்த தாண்டும்’ என்றார். சரி என்றேன். கழுவும் மருந்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இறக்க வேண்டும் என்று போத்தலிலேயே போட்டிருக்கிறது, பையன் போனைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டான். கிச்சாப்பு (சோயா சாஸ்) மாதிரி கறுப்பாக இறங்கியது. ‘எவ்வளவு அழுக்கு பாத்தீங்களா?’ என்றார்கள். எனக்கு சந்தோஷம் வேறு!

இரண்டு நாள் புகையே இல்லை. சத்தமும் குறைந்தது. ஆலையில் இரண்டு பேரிடம் அந்தக் கடைக்குப் போங்கள் என்று சொல்லியும்விட்டேன் (மன்னித்துக்கொள்ளுங்கள்). நான்காம் நாள் சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் விளக்கு மினுக்கியது. உடனே போன் போட்டேன். ‘சென்சர்தான் அண்ணே, மருந்து வேலை செய்யுது, தைரியமா ஓட்டுங்க.’

ஓட்டினேன். ஏழாம் நாள் அம்மாவை ஈப்போவுக்குக் கண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும்போது, கந்தான் தாண்டியதும் அடியிலிருந்து டக் டக் டக் என்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். விளக்கு சிவப்பாக நின்றே எரிகிறது. ரோட்டோரத்தில் அம்மா குடை பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். இழுவை லோரிக்கு 120 வெள்ளி. கண் பார்க்கிற நாள் போச்சு, அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பழைய போர்மேன் ஒருவர் இருக்கிறார், அப்பா காலத்திலிருந்து இந்தக் காடியைப் பார்ப்பவர். அடியிலிருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் வலையை எடுத்துக் காட்டினார். டோடோல் அல்வாவை அப்பின மாதிரி இருந்தது, ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை. ‘தம்பி, இந்தக் கசடு இத்தனை வருஷமா மூலையில ஒட்டிக்கிட்டு யாருக்கும் தொந்தரவு பண்ணாம கெடந்தது. மருந்த ஊத்தி அத மொத்தமா பேத்து விட்டுட்டானுங்க, எல்லாம் வந்து வலையில அடைச்சிருச்சு. பம்பு எத உறிஞ்சும்? பேரிங் காய்ஞ்சு தேய்ஞ்சுபோச்சு.’ அடுத்து ஃபில்டரைக் கழற்றினார். அதன் மேல் மார்க்கரில் தேதி, அவர் கையெழுத்திலேயே, போன வருடம் அவரே மாட்டியது! புது ஃபில்டருக்குக் காசு வாங்கிவிட்டு மாற்றவே இல்லை, படுபாவிகள்.

இரண்டு நாள் புகை நின்றது எதனால் தெரியுமா? கலந்த மருந்து எண்ணெயைக் கெட்டியாக்கிவிட்டதாம், கெட்டி எண்ணெய் மெதுவாகத்தான் கசியும். புகைக்குக் காரணம் வால்வில் இருக்கும் சின்ன ரப்பர் சீல் இறுகிப்போனது. ராத்திரியில் எண்ணெய் அது வழியாக இறங்கி, காலையில் எரிகிறது. புது சீல் போட கூலியோடு 380 வெள்ளி என்றார். 380! நான் மருந்துக்குக் கொடுத்தது 450.

மிஷினைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். அதில் ஷாம்பூ ஊற்றினாலும் ஜெயிக்குமாம். இரும்பை இரும்பு மேல் அப்படி அழுத்தும் வேலை என்ஜின் பேரிங்கில் கிடையாது, அங்கே தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. மகள் வேறு போனில் தேடிக் காட்டினாள், ஸ்லிக் 50 என்ற பேர்போன மருந்தின் விளம்பரங்கள் மேல் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்து, 1997இல் சமரசத்தில் முடிந்ததாம். அந்த ஊரிலேயே இந்தக் கதை!

பேரிங், எண்ணெய் பம்பு, கேஸ்கெட், கூலி சேர்த்து 1,280. அந்த 450, லோரி 120, கூட்டிப் பாருங்கள், 1,850 வெள்ளி. புகை இன்னும் வருகிறது.

கடையில் என்ன சொன்னார்கள்? முதல் தடவை, ‘பழைய காடிதானே அண்ணே, எப்பவோ போக வேண்டியது.’ இரண்டாவது தடவை கம்பெனிக்கு எழுதச் சொன்னார்கள், போத்தலில் உள்ள நம்பர் அடிக்கவே இல்லை. மூன்றாவது தடவை ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் மலாயில் இருக்கிறது. வாசல் பேனரில் 20 வருடம்! நான்காவது தடவை ஃபில்டரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பாஸ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘பேசிக்கலாம் அண்ணே, அம்மாவ கேட்டதா சொல்லுங்க’ என்றார். அன்று ராத்திரியே வாட்ஸாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்.

என்னென்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு. பல வருடம் ஒழுங்காக எண்ணெய் மாற்றாத என்ஜினுக்குக் கழுவும் மருந்து வேண்டவே வேண்டாம், சாதாரண 10டபிள்யூ-40 எண்ணெயை ஃபில்டரோடு அடிக்கடி மாற்றினால் போதும் என்கிறார் போர்மேன். பெட்ரோலில் ஊற்றுவது இன்ஜெக்டர் அழுக்குக்கு ஓரளவு உதவுமாம், இறுகிப்போன ரப்பர் சீலைச் சரிசெய்யாது. கழற்றின ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் விளக்கு எரிந்தால் யார் என்ன சொன்னாலும் அங்கேயே என்ஜினை அணையுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நான் திங்கட்கிழமை போடுகிறேன்.

அந்த இலவச போத்தல் இன்னும் காடியின் பின் பூட்டில் (டிக்கியில்) உருண்டுகொண்டிருக்கிறது. வளைவில் திரும்பும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. அம்மா வேறு ‘அந்தப் பையன் நல்லாத்தானே பேசினான்’ என்கிறார்.