சுடுதண்ணீரைத் தாங்கும் போத்தல் எது?

கொதித்த தண்ணீரை ஆறவிடாமல் வெறும் சோடாப் போத்தலுக்குள் ஊற்றிவிட்டு அம்மம்மா கூப்பிட்டா: "இதென்ன மோனை, போத்தல் கூனிப் போச்சு?" கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வயிறு சுருங்கி, ஏதோ வாடின கத்தரிக்காய் மாதிரி நின்றது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் யாழ்ப்பாண வீடுகளில் இது புதினமில்லை. ஆனால் "மலிவுச் சாமான்" என்று அந்தப் போத்தலைத் திட்டுவது நியாயமில்லை. அது செய்யப்பட்ட வேலைக்கு அதைவிடச் சிறந்த பிளாஸ்டிக் கிடையாது.

கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தெளிந்த போத்தல்களும் டப்பாக்களும் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்: பெட் (PET), பெட்-ஜி (PETG), ட்ரைட்டன் (Tritan), பொலிகாபனேற் (polycarbonate). முதல் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் டெரப்தாலிக் அமிலம் என்ற அதே மூலக்கூற்றுத் துண்டு இருக்கிறது. அதோடு மாறிமாறி நீண்ட சங்கிலியாகக் கோக்கப்படும் கிளைக்கோல் என்ற மற்றத் துண்டுதான் வேறுபடுகிறது. அந்த ஒரு துண்டு மாறும்போது என்ன மாறுகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பெட் பிளாஸ்டிக்கை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கினார்கள். முதலில் அது துணிக்கான நூல். போத்தலாக அதற்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான நதானியேல் வையத், 1973இல். அமிலத் துண்டில் விறைப்பான பென்சீன் வளையம். கிளைக்கோல் துண்டில் இரண்டே காபன். சங்கிலி ஒழுங்கானது என்பதால் பக்கத்துச் சங்கிலியோடு அடுக்கிப் பளிங்காக, அதாவது ஒழுங்காக அடுக்கிய படிகமாக, முடியும். உருகிய பெட்டை மெதுவாக ஆறவிட்டால் அப்படி அடுக்கி, பால் போல் வெளுத்துவிடும். சட்டென்று குளிர்த்தினால் தெளிவாக இருக்கும். போத்தல் செய்பவர்கள் சோதனைக்குழாய் மாதிரி ஒரு முன்வடிவத்தைக் குளிர்த்தி எடுத்து, மறுபடி 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீளத்துக்கும் அகலத்துக்கும் இழுத்து ஊதுகிறார்கள். இழுபட்ட சங்கிலிகள் வரிசையாகி, ஒளியைச் சிதறடிக்காத மிகச் சிறிய பளிங்குகளாகின்றன. தெளிவு, வலிமை, சோடா வாயுவை அடைத்து வைக்கும் குணம் மூன்றும் அந்த இழுப்பில் வந்தவை.

அம்மம்மாவின் போத்தல் கூனியதும் அதே இழுப்பால்தான். ஏறத்தாழ 75 பாகையில் பெட் கண்ணாடி விறைப்பை விட்டு இளகத் தொடங்கும். இழுத்து வைத்த சங்கிலிகளுக்கு அசைய இடம் கிடைத்ததும் பழையபடி சுருளப் பார்க்கும். சூடாக நிரப்பும் பழரசப் போத்தல்கள் சிலவற்றின் கழுத்து வெள்ளையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சூடு தாங்கவென்று அந்தக் கழுத்தை வேண்டுமென்றே பளிங்காக்கியிருக்கிறார்கள்.

பெட்-ஜியில் கிளைக்கோலின் ஒரு பகுதியை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, எடுத்துவிட்டு அறுகோண வளையம் உள்ள ஒரு பெரிய துண்டைப் போடுகிறார்கள். ஒழுங்கு குலைகிறது, சங்கிலி அடுக்கவே முடியாது. ஆகவே தடித்த தகடாக வார்த்தாலும் வெளுக்காது. ஆனால் இளகும் வெப்பநிலை 80 பாகைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சுடுதண்ணீருக்கு இதுவும் சரிவராது. பழைய பெட்டோடு கலந்தால் மீள்சுழற்சியில் ஒட்டிக் கட்டியாகிக் கெடுக்கவும் செய்யும்.

அந்த வளையத்தைச் சும்மா விட்டுவிட எனக்கு மனமில்லை. அது தட்டையானதல்ல, சாய்வு நாற்காலி மாதிரி வளைந்தது. ஒரு நாற்காலி நிலையிலிருந்து அதன் மறுபக்க நிலைக்குத் துள்ளிப் புரளும். அறை வெப்பநிலையிலேயே, பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும்போதே, இந்தச் சிறு புரளல் நடக்கிறது. பிள்ளை போத்தலைச் சீமெந்து நிலத்தில் போட்டால், அடியின் சக்தியில் ஒரு பங்கை இந்தப் புரளல்கள் விழுங்குகின்றன. வெடிப்பு ஓடுவதற்கு மிச்சம் குறைகிறது. சங்கிலிகளுக்கிடையே இடைவெளி கூடுவதால் வாயு தப்புவதும் கூடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. சோடா இன்னமும் பெட்டில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளையத்தை மேலும் மேலும் கூட்டி, கிளைக்கோல் முழுவதையும் மாற்றினாலும் இளகும் வெப்பநிலை 90 பாகையளவில் நின்றுவிடும். கொதிநீரைத் தாண்ட வேறு துண்டு வேண்டும். ஈஸ்ட்மன் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த ட்ரைட்டனில் அந்த வேலையை நாலு காபன் சதுர வளையம் ஒன்று செய்கிறது. அதன் இரு மூலைகளில் நாலு மெதைல் கூட்டங்கள் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்தவை) ஒட்டி நிற்கின்றன. அது புரளாது, சங்கிலி முறுகித் திரும்பவும் விடாது. அறுகோண வளையம் அடியைத் தாங்க, சதுர வளையம் சூட்டைத் தாங்குகிறது. இளகும் வெப்பநிலை 110 பாகைக்கு மேல். இரண்டு துண்டையும் இப்படிச் சேர்த்த மூளையை நான் மனதார மெச்சுகிறேன்.

பொலிகாபனேற் சூட்டிலும் உறுதியிலும் எல்லாவற்றையும் முந்தும்; அது இளகும் வெப்பநிலை 150 பாகைக்குக் கிட்ட. பெரிய தண்ணீர்க் கலன்கள் பல இதில் செய்யப்பட்டவை. எனக்கு அதோடு இருக்கும் கணக்கு வேறு. துண்டுகளைக் கோத்து வைத்திருப்பது முதல் மூன்றிலும் எஸ்டர் பிணைப்பு, பொலிகாபனேற்றில் காபனேற் பிணைப்பு. இரண்டையும் சூடும் காரமும் சேர்ந்தால் தண்ணீர் மெல்ல அறுக்கும். ட்ரைட்டனில் அறுந்தால் வருவது டெரப்தாலிக் அமிலமும் அந்த வளையக் கிளைக்கோல்களும். பொலிகாபனேற்றில் வருவது ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோன் போல் நடிக்கும் பிஸ்பினோல்-ஏ. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே குழந்தைகளின் பால் போத்தலில் அதைத் தடுத்துவிட்டது. காரச் சவர்க்காரத் தூள் போட்டுச் சுடுதண்ணீரில் உரஞ்சும் பழக்கமுள்ள வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆகவே சுடச்சுட ஊற்றும் வீட்டுக்கும் பள்ளிக்கூடப் பைக்கும் ட்ரைட்டன், விலை கூடினாலும். ஆறின தண்ணீருக்குப் பெட் போதும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் பெட் என்று கொள்ளலாம். 7 என்றால் அது ட்ரைட்டனாகவும் இருக்கலாம், பொலிகாபனேற்றாகவும் இருக்கலாம். பெயரைத் தேடிப் பாருங்கள்.

போத்தல் உள்ளே வெளுத்துவிட்டது என்று எறிய முன் ஒன்று செய்யுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. தண்ணீரில் கல்சியம் தாராளம். கொஞ்ச வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெள்ளை போய்விட்டால் அது கல்சியம் படிவு. போகாவிட்டால் பிளாஸ்டிக்தான் மாறியிருக்கிறது, சூட்டாலோ கீறலாலோ.