ஷாங்காய் மேக்லெவ் ரயில்: காட்பாடிப் பயணியின் மதிப்பீடு

ஷாங்காயின் புதோங் விமான நிலையத்துக்கும் லாங்யாங் சாலை நிலையத்துக்கும் இடையே 30 கிலோமீட்டர் ஓடும் மேக்லெவ், அதாவது காந்த விசையால் மிதந்து செல்லும் ரயிலின் பொறியியலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பயணச் சேவை என்று பார்த்தால் பாதிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் பொறியியல். தூண்களின் மேல் செல்லும் பாதையின் இரு விளிம்புகளையும் வண்டியின் அடிப்பகுதி கீழ்ப்புறமாக வளைந்து அணைத்திருக்கிறது. அந்த வளைவுகளில் உள்ள மின்காந்தங்கள் பாதையின் அடிப்புறத்தில் உள்ள இரும்பை நோக்கி மேலே ஈர்க்கப்படுவதால் வண்டி முழுவதும் எழும்புகிறது. காந்தங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் மிதக்கிறது என்று பலரும் கொண்டிருக்கும் எண்ணம் இந்த ஜெர்மானியத் தொழில்நுட்பத்துக்குப் பொருந்தாது. இடைவெளி குறையக் குறைய ஈர்ப்பு வலுப்பெறும் என்பதால், கட்டுப்பாடின்றி விட்டால் காந்தம் பாதையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதைத் தடுக்க உணரிகள் இடைவெளியை இடைவிடாமல் அளக்க, அதற்கேற்ப மின்னோட்டம் கூட்டியும் குறைத்தும் செலுத்தப்பட்டு, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி காக்கப்படுகிறது. வண்டியை ஓட்டும் மோட்டாரின் சுருள்களோ பாதை நெடுக விரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நகரும் காந்தப்புலம் வண்டியைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. ஜப்பானின் மீக்கடத்துக் காந்த ரயில் (மின்தடையே இல்லாத சுருள்களாலான காந்தங்களைக் கொண்டது) மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்வரை சக்கரத்தில்தான் ஓடவேண்டும். ஷாங்காய் வண்டி நிற்கும்போதே மிதக்கும். உரசும் சக்கரமும் தண்டவாளமும் இல்லாததால் அவற்றின் தேய்மானமும் இல்லை.

ஆனால், காற்றின் எதிர்ப்பைக் காந்தத்தால் நீக்க முடியாது. வேகம் கூடும்போது இரைச்சல் நன்றாகவே கேட்கிறது, அதிர்வும் உண்டு. முன்பு 431 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை நிமிடத்துக்குள் சென்றடைந்த இந்த வண்டி, 2021 முதல் 300 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இயக்கப்படுவதில்லை. அதே ஷாங்காயிலிருந்து பெய்ஜிங் செல்லும் சக்கர ரயில்கள் 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, இத்தனை அரிய தொழில்நுட்பத்துக்கு இந்த நிலையா என்று வருத்தமே ஏற்படுகிறது.

என்னுடைய பெரிய குறை வேகத்தைப் பற்றியது அன்று. இந்த வண்டி தன் பாதையை விட்டு வேறெங்கும் போக முடியாது. லாங்யாங் சாலை நகரின் மையம் இல்லை. அங்கே இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு மாறவேண்டும், மிச்சப்படுத்திய நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது. நம் வட ஆற்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வழித்தடத்தில்தான் இன்று சென்னை–மைசூரு வந்தே பாரத் காட்பாடிக்கு வருகிறது. வேலூரில் சிகிச்சை பெற வங்கத்திலிருந்து புறப்படும் குடும்பம், நோயாளியை வழியில் எங்கும் இறக்கி ஏற்றாமல் ஹவுராவிலிருந்து காட்பாடி வரை ஒரே ரயிலில் வந்து சேரலாம். பழைய பாதையில் புதிய வண்டி ஓடும் இந்த வசதியை மேக்லெவ் தர இயலாது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் புதிதாக, பெரும் பொருட்செலவில் கட்டியாக வேண்டும். சென்னை–பெங்களூரு தடத்துக்கு மேக்லெவ் வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒருவழிக் கட்டணம் 50 யுவான், நம் பணத்தில் ஏறத்தாழ 600 ரூபாய். அன்றைய விமானச் சீட்டைக் காட்டினால் 40 யுவான். ஒரு முறையேனும் ஏறிப் பார்க்கத் தகுந்த வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை, பிள்ளைகள் உடனிருந்தால் கட்டாயம் ஏறுங்கள். சுமை அதிகமுள்ளவர்களும் நகரின் மேற்குப் பகுதிக்குச் செல்பவர்களும் விமான நிலையத்திலேயே மெட்ரோவின் 2-ஆம் தடத்தில் ஏறிக்கொள்ளலாம். நேரம் கூடினாலும் கட்டணம் மிகக் குறைவு.