டிரெல்லோ: நான்கு பேர் கொண்ட வலைத்தளக் குழுவின் ஓராண்டுப் பயன்பாடு

கோவையில் வலைத்தளங்கள் அமைத்துத் தரும் சிறு குழு எங்களுடையது. நிரல் எழுத இருவர், வடிவமைப்புக்கு ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசி வேலையை நகர்த்துவதற்கு நான் என நான்கே பேர். எந்த வேலை யாரிடம் இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டு வரை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் வைத்திருந்தோம். ஓராண்டாக ஆறு பணிகளை டிரெல்லோ என்ற பணி மேலாண்மைச் செயலியில் நடத்தியிருக்கிறோம். அவற்றுள் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்காக அமைத்த விற்பனைத் தளத்தை முன்வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பத்து வாரங்களில் முடிப்பதாகச் சொல்லிப் பதினைந்து வாரங்கள் எடுத்துக்கொண்ட பணி அது. டிரெல்லோவால் எது முடியும், எது முடியாது என்ற இரண்டையும் அது ஒருசேரக் காட்டிவிட்டது.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: டிரெல்லோ 2011இல் நியூயார்க்கின் ஃபாக் கிரீக் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது, 2017இல் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. டொயோட்டா ஆலைகளில் உதிரிபாகங்களின் தேவையை அட்டை வைத்துத் தெரிவித்துக்கொண்ட கான்பான் முறைதான் இதன் மூலம். ஒரு பலகை, அதில் இடமிருந்து வலமாகச் சில பட்டியல்கள், ஒவ்வொரு பட்டியலிலும் அட்டைகள். ஓர் அட்டை ஒரு வேலை. வேலை நகர நகர அட்டையை அடுத்த பட்டியலுக்கு இழுத்து வைக்க வேண்டும். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். எங்கள் வடிவமைப்பாளருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் பலகையில் ஆறு பட்டியல்கள் இருந்தன: எடுக்க வேண்டியவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, வாடிக்கையாளரிடம் நிலுவை, முடிந்தவை. இவற்றில் ஐந்தாவதை முதலில் நாங்கள் வைக்கவே இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டியவற்றைத் தனித்தனி அட்டைகளில் குறிப்பாக மட்டும் எழுதி வந்தோம். நிரலாக்கப் பட்டியலில் ஒன்பது அட்டைகள் இருக்கும், அவற்றுள் ஆறு உண்மையில் யாரும் தொட முடியாதவையாக இருக்கும். மூன்றாம் வாரம் அந்த ஆறையும் மற்றப் பட்டியல்களில் இருந்த அத்தகையவற்றையும் பிரித்து எடுத்துத் தனிப் பட்டியலாக்கியபோதுதான் பணி எங்கே தேங்கி நிற்கிறது என்பது எங்களுக்கே தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தப் பட்டியலின் படத்தைத் தொழிற்சாலை உரிமையாளருக்கு அனுப்பினேன். முதல் முறை பார்த்ததும் அவர் தொலைபேசியில் அழைத்து, “இத்தனையும் நான் தர வேண்டியதுங்களா தம்பி?” என்று கேட்டார். லோகோவின் மூலக்கோப்பு, பதினான்கு மாடல்களின் படங்கள், உத்தரவாத நிபந்தனைகள், பணம் திருப்பித் தரும் விதிமுறை, தமிழ் விவரணைகள் என்று அவரிடமே பதினொரு அட்டைகள் இருந்தன. இரண்டு வாரம் மின்னஞ்சலில் நினைவூட்டியும் நடக்காதது அந்த ஒரு படத்தில் நடந்தது. கட்டணம் எதுவும் கொடுக்காமல் டிரெல்லோ எங்களுக்குத் தந்த மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன்.

அட்டையில் தானாகப் பதிவாகும் நடவடிக்கைக் குறிப்பும் அப்படித்தான்; பார்ப்பதற்கு அற்பம், தேவைப்படும் நாளில் பெரிது. தமிழ் விவரணை அட்டையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் தம் பழைய துண்டறிக்கையை அச்சடித்தவரிடமிருந்து உரையை வாங்கி அனுப்பினார். அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அட்டையில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நின்றது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில இடங்களில் இடம் மாறியிருந்தன. அட்டை மூன்று முறை சோதனைக்குப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தது. எந்த நாளில், யார், எங்கிருந்து எங்கே நகர்த்தினார் என்பதெல்லாம் அட்டையிலேயே வரிசையாக இருந்ததால், “தமிழ்ப் பக்கம் ஏன் இன்னும் வரவில்லை?” என்ற கேள்விக்கு விவாதமின்றி விடை சொல்ல முடிந்தது. (தமிழ் உள்ளடக்கம் கேட்கும் எவரும் ஒப்பந்தத்திலேயே ‘யூனிகோடில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவது நல்லது, நாங்கள் இப்போது சேர்க்கிறோம்.)

பலகைக்குள் வாடிக்கையாளரை அழைத்து வந்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் நிறைவேறவில்லை. அழைப்பு அனுப்பினோம், கணக்கும் தொடங்கிக் கொடுத்தோம். அவர் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தார். அவருடைய திருத்தங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே வந்தன. “தம்பி, அந்த மொத படம் கொஞ்சம் இருட்டா இருக்குதுங்க, மாத்திப் போட்ருங்க” என்பது அவற்றில் ஒன்று. முகப்பில் மாறி மாறி வரும் மூன்று படங்களில் அவர் கண்ணில் பட்ட ‘மொத படம்’ எது என்று கேட்டுத் தெளிந்து, அட்டையாக எழுதி, அதன் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்து வைப்பது என் வேலையாயிற்று. ஒவ்வொரு பலகைக்கும் டிரெல்லோ ஒரு மின்னஞ்சல் முகவரி தருகிறது. அதற்கு அனுப்பும் அஞ்சல் தானே அட்டையாகிவிடும். அஞ்சல் எழுதும் வாடிக்கையாளருக்கு இது அருமையான வசதி. குரல் பதிவு அனுப்புபவருக்கு நடுவில் ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும், அதற்கு எந்தச் செயலியையும் குறை சொல்வது நியாயமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இணையவழிப் பணம் பெறும் பேமென்ட் கேட்வே இணைப்பை எட்டாவது வாரத்தில் முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். இந்தியாவில் அத்தகைய சேவைகள் ஒரு வணிகத் தளத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் விதிமுறை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் தளத்தில் வெளியாகியிருக்கின்றனவா என்று சரிபார்ப்பது வழக்கம். திருப்பித் தரும் விதிமுறையோ வாடிக்கையாளரிடம் நிலுவைப் பட்டியலில், அடியிலிருந்து இரண்டாவதாக, சிவப்புக் குறிகூட இல்லாமல் கிடந்தது. கேட்வே அட்டை ‘எடுக்க வேண்டியவை’யில் தன் பாட்டுக்கு இருந்தது. இந்த அட்டை முடியாமல் அந்த அட்டையைத் தொட முடியாது என்பதைப் பலகை எங்கும் சொல்லவில்லை. நாங்களும் எழுதி வைக்கவில்லை. எட்டாவது வாரத்தில் அட்டையை எடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டோம். விதிமுறை எழுதி வாங்கப் பத்து நாள், பக்கம் வெளியிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தது அதற்கு மேல். ஓ.டி.பி. குறுஞ்செய்திக்கும் இதே கதைதான்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டி.எல்.டி. என்னும் குறுஞ்செய்திப் பதிவுத் தளத்தில் முன்பே பதிந்தாக வேண்டும், அதற்கு நிறுவனத்தின் ஆவணங்கள் வேண்டும், அவை இன்னோர் அட்டையில் இருந்தன.

திட்டமிடாதது எங்கள் பிழை, அதை டிரெல்லோவின் தலையில் கட்டப்போவதில்லை. ஆயினும் ஓர் அட்டை இன்னோர் அட்டைக்காகக் காத்திருக்கிறது என்று முறையாகக் குறிக்கும் வசதி டிரெல்லோவில் இயல்பாக இல்லை என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். ஓர் அட்டையின் இணைப்பை இன்னொன்றில் ஒட்டி வைக்கலாம். சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். வெளியார் தயாரித்த பவர்-அப் (டிரெல்லோவில் சேர்க்கும் கூடுதல் வசதி) ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அதே அட்லாசியனின் இன்னொரு பணி மேலாண்மைச் செயலியான ஜிராவில் ‘இது அதைத் தடுக்கிறது’ என்ற உறவை நேரடியாகவே பதிய முடியும். வேலை இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பலகை மிகத் தெளிவாகக் காட்டும். அது எப்போது முடியும் என்று கேட்டால் பலகையிடம் விடை இல்லை. வேலைகளை நாள்வாரியாக வரிசைப்படுத்திக் காட்டும் காலக்கோட்டுக் காட்சி பிரீமியம் திட்டத்தில்தான் கிடைக்கிறது. ஆண்டுக் கட்டணமாகச் செலுத்தினால் ஆளுக்கு மாதம் 10 டாலர், எங்கள் நால்வருக்கு ஆண்டுக்கு 480 டாலர். எங்கள் அளவிலான குழு ஒரு காலக்கோட்டுக்காகக் கொடுக்கக்கூடிய தொகை அல்ல அது.

இலவசத் திட்டத்தின் வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பணிவெளியில் (குழுவின் பலகைகள் அனைத்தும் இருக்கும் இடம்) பத்துப் பலகைகள், விருந்தினர் உட்படப் பத்துப் பேர், ஒரு கோப்புக்கு 10 எம்.பி. நால்வருக்கு முதலிரண்டும் தாராளம். மூன்றாவது எங்களைத் தொட்டது: புகைப்படக்காரர் தந்த மூலப்படங்கள் ஒவ்வொன்றும் அதைத் தாண்டின, கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் அட்டையில் வைத்தோம். மாதம் 250 முறை வரை இயங்கும் தானியக்க வசதியில் ஒரே ஒரு விதியைத்தான் எழுதினோம்: அட்டை வாடிக்கையாளர் பட்டியலுக்குள் நுழைந்தால் அன்றிலிருந்து ஏழாம் நாள் அதற்குக் கெடுதேதியாகத் தானே விழ வேண்டும். மாதத்துக்கு நாற்பது முறைக்கு மேல் அது இயங்கியதில்லை. ஒரு பட்டியலில் இத்தனை அட்டைக்கு மேல் கூடாது என்று எச்சரிக்கும் பவர்-அப்பை நிரலாக்கப் பட்டியலுக்கு நான்கு என்று வைத்துப் பாருங்கள். ஐந்தாவது அட்டை வந்ததும் பட்டியலின் நிறம் மாறும்போது, தொடங்கிய வேலையை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் பழக்கம் மெல்ல வந்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே செயலியை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் நிறுவனத்துக்கு டிரெல்லோ போதாது. அவர்கள் ஜிராவுக்கே போகலாம், அதன் கெடுபிடிகளைப் பொறுத்துக்கொள்ளும் ஆள்பலம் அவர்களுக்கு உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் முடியும் வணிகத் தளங்களைக் கட்டும் எங்களைப் போன்றோருக்கு இலவசத் திட்டமே நிறைவு. சென்ற மாதம் ஏழாவது பணியைத் தொடங்கினோம். பலகையைத் திறப்பதற்கு முன்பு நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எது எதற்காகக் காத்திருக்கும் என்பதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தோம். அந்தத் தாளைப் படமெடுத்துப் பலகையின் முதல் அட்டையில் இணைத்திருக்கிறோம். பணம் திருப்பித் தரும் விதிமுறை இம்முறை முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.